மலைக் குடியிருப்புக்குக் கரண்ட்: லைன் இழுப்பதா, சோலார் வைப்பதா?

2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரில் லைசாங் என்ற சிற்றூருக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்தது. அத்தோடு இந்தியாவில் மின்சாரம் இல்லாத கிராமமே இல்லை என்று அறிவித்தார்கள். அறிவிப்பைப் பொய் என்று சொல்ல முடியாது. கணக்கு அப்படி. 2004இல் வகுத்த வரையறைப்படி, ஊருக்குள் டிரான்ஸ்பார்மரும் லைனும் வந்து, பள்ளிக்கூடம், பஞ்சாயத்து அலுவலகம், சுகாதார நிலையம் போன்ற பொது இடங்களுக்கு இணைப்புக் கிடைத்து, நூற்றுக்குப் பத்து வீட்டில் விளக்கு எரிந்தால் போதும், அது மின்வசதி பெற்ற கிராமம். கிராமம் என்றால் இங்கே வருவாய்க் கிராமம். மலைப்பகுதியில் ஒரே வருவாய்க் கிராமத்துக்குள் காட்டுக்கு இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் ஐந்து என்று குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும். ரோட்டோரத்துப் பெரிய ஊருக்குக் கரண்ட் வந்துவிட்டால், உள்ளே இருக்கும் குடியிருப்புகள் கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

அப்படி மறைந்துபோன ஒரு குடியிருப்பைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். பழங்குடி மக்கள், அறுபது வீடு, ஓரளவு நெருக்கமாக. கடைசி டிரான்ஸ்பார்மர் ஏழு கிலோமீட்டர் கீழே. நடுவில் காப்புக்காடு. ஜீப் தட்டுத்தடுமாறிப் போகும் மண்பாதை ஒன்று உண்டு. ராகி, சாமை, கொஞ்சம் மிளகு விளைகிறது. அடுத்த கிராம சபையில் எதைக் கேட்டுத் தீர்மானம் போடுவது? இ.பி. லைனா, வீட்டுக்கு வீடு சோலாரா, ஊருக்கே பொதுவாக ஒரு சின்ன மின் நிலையமா?

இந்தப் பேச்சை வழக்கமாக "எதில் யூனிட் மலிவு" என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அது இரண்டாவது கேள்வி. அந்த யூனிட்டுக்கு உண்டான மானியம் எந்த வழியாக வீட்டுக்கு வருகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் மாதாமாதம் கிடைக்கும் மானியம் இ.பி. கம்பி வழியாக வருகிறது. கம்பி இல்லாத வீட்டுக்கு அது இல்லை. இதைக் கவனிக்காமல் போடும் எந்த ஒப்பீடும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்?

முதலில் தேவையைக் கணக்குப் போட்டுவிடலாம். ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு நாலு, தினம் ஐந்து மணி நேரம்: 180 வாட்-மணி. இப்போது கிடைக்கும் 28 வாட் ஃபேன் ஒன்று, பத்து மணி நேரம்: 280. சின்ன டி.வி. நாலு மணி நேரம்: 160. போன் சார்ஜ் ஒரு 20. கூட்டினால் 640 வாட்-மணி. ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி, அதாவது ஒரு நாளைக்கு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை.

இதில் மிக்சியைச் சேர்க்கவில்லை என்பது வீட்டில் சமைப்பவர்களுக்கு உடனே தெரியும். 550 வாட் மிக்சி தினம் பத்து நிமிடம் ஓடினால் செலவு 90 வாட்-மணிதான், ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடமும் 550 வாட்டை ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். நாலு பல்புக்கென்று செய்த சோலார் பெட்டியால் அது ஆகாது. 2011இல் தொடங்கிய திட்டத்தில் அரசே விலையில்லாமல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்த மாநிலம் இது. மிக்சி ஓடாத ஏற்பாட்டை இங்கே யாரும் கரண்ட் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள், "விளக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்" என்றுதான் சொல்வார்கள்.

ஊர்ப் பொதுத் தேவை தனி. ராகி அரைக்க 7.5 குதிரைத்திறன் மாவு மில் என்றால் ஐந்தரை கிலோவாட். தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார். பள்ளி, தெருவிளக்கு. மில் இல்லாத ஊரில் தானியத்தைத் தலையில் சுமந்து கீழே இறங்குவது பெரும்பாலும் பெண்கள்தான். எனவே மில் என்பது ஆடம்பரக் கோரிக்கை என்று யாராவது சொன்னால் அவரை ஒரு மூட்டையோடு ஏழு கிலோமீட்டர் நடக்கச் சொல்லலாம்.

இ.பி. லைன்

லைனுக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. மிக்சி, கிரைண்டர், மில், மோட்டார் எதுவும் ஓடும். பேட்டரி கிடையாது. 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நாளுக்கு 1.6 யூனிட். மேலே போட்ட கணக்கைப்போல இரண்டரை மடங்கு. சிக்கனமான வீட்டுக்குக் கட்டணம் பூஜ்யம்தான்.

சிக்கல் காட்டில் இருக்கிறது. வீடு வரை 230 வோல்ட் கம்பியை ஏழு கிலோமீட்டர் இழுத்தால் போய்ச் சேரும்போது வோல்டேஜ் படுத்துவிடும். ஆகவே உயரழுத்த லைனைக் கொண்டுபோய் ஊர் அருகில் டிரான்ஸ்பார்மர் வைத்தாக வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, மின்கம்பி உள்ளிட்ட 13 வகைப் பொது வசதிகளுக்குக் கிராம சபையின் பரிந்துரையோடு ஒரு ஹெக்டேருக்குள் வனநிலத்தைத் தர இடம் கொடுக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 11 கிலோவோல்ட் மேல்நிலை லைனுக்கு வனத்தில் ஒதுக்கும் பாதையின் அகலம் ஏழு மீட்டர். ஏழு மீட்டர் அகலத்தில் ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 1,430 மீட்டர் நீளத்தோடு தீர்ந்துவிடும். நம் குடியிருப்புக்கு வேண்டியது ஏழு கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஐந்து ஹெக்டேர். அப்போது 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் நீண்ட வரிசையில் போய் நிற்க வேண்டும். புலிகள் காப்பகம் என்றால் வரிசை இன்னும் நீளம்.

வனத்துறை முரண்டு பிடிக்கிறது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூர் அருகே ஏரிக்கரை ஏறிய யானை ஒன்று தாழ்வாகப் போன உயரழுத்தக் கம்பியில் பட்டு இறந்தது. பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருட்டு வேட்டைக்காகக் கம்பியில் கொக்கி போடுகிறவர்களும் உண்டு.

எனவே நான் மேல்நிலை லைனை இந்த ஊருக்குப் பேச்சிலிருந்தே எடுத்துவிடுவேன். அதற்குப் பதில் ஜீப் பாதை ஓரமாகப் புதைகேபிள். குழியின் அகலத்தை ஒரு மீட்டர் என்று வைத்தாலும் ஏழு கிலோமீட்டருக்கு 0.7 ஹெக்டேர்தான் ஆகிறது. மரம் வெட்டத் தேவையில்லை. சட்டம் தரும் ஒரு ஹெக்டேருக்குள் கணக்கு அடங்குகிறது. காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுவது இல்லை. செலவு மேல்நிலை லைனைவிடப் பல மடங்கு என்பதுதான் தடை. கேபிளில் பழுது வந்தால் இடத்தைக் கண்டுபிடித்துத் தோண்ட வேறு வேண்டும். ஆனாலும் கோரிக்கை மனுவில் வெறுமனே "மின்சார வசதி வேண்டும்" என்று எழுதுவதற்கும் "இன்ன பாதை ஓரமாகப் புதைகேபிள், இத்தனை ஹெக்டேர்" என்று எழுதுவதற்கும் அலுவலகத்தில் கிடைக்கும் மரியாதையே வேறு.

லைன் வந்துவிட்டால் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் என்றும் நினைக்க வேண்டாம். மேற்குக் கென்யாவில் டிரான்ஸ்பார்மரிலிருந்து 600 மீட்டருக்குள் இருந்த வீடுகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். இணைப்புக் கட்டணம் 35,000 ஷில்லிங் என்றபோது நூற்றுக்கு ஒருவர், இருவர்தான் வாங்கினார்கள். இலவசம் என்றபோது ஏறக்குறைய எல்லோரும் வாங்கினார்கள். நம்மூரில் அந்த வேலையைக் கட்டணம் மட்டும் செய்வதில்லை, வீட்டு வயரிங் செலவும் ஆவணமும் சேர்ந்து செய்யும். பட்டா எங்கே என்ற கேள்வி மலையில் எப்போதும் வரும். வன உரிமைப் பத்திரத்தை முன்கூட்டியே கையில் வைத்திருப்பது நல்லது.

வீட்டுக்கு வீடு சோலார்

சீக்கிரம் வருவது இதுதான். 2017இல் மத்திய அரசு அறிவித்த சௌபாக்யா என்ற மின் இணைப்புத் திட்டத்தில் லைன் போக முடியாத வீடுகளுக்கு 200 முதல் 300 வாட் பேனல், பேட்டரி, ஐந்து பல்பு, ஒரு டி.சி. ஃபேன், ஒரு பிளக், ஐந்தாண்டுப் பராமரிப்பு என்று வகுத்திருந்தார்கள். மோசமான வடிவமைப்பு இல்லை. 200 வாட் பேனல், நல்ல வெயில் நாலரை மணி நேரம், வழியில் போகும் நஷ்டம் கழித்தால் நாளுக்கு 630 வாட்-மணி வரும். மேலே நாம் போட்ட 640க்குச் சரியாகப் பொருந்துகிறது. கார்த்திகை மாதத்து மூடுபனியில் மட்டும் பொருந்தாது. மலையில் நாலு நாள் வெயில் முகம் காட்டாமல் இருப்பது சகஜம்.

ஆறாவது ஆண்டில் என்ன ஆகும் என்பதுதான் இதன் பலவீனம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் 1,200 வாட்-மணி இருப்பதாகத் தோன்றும். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும். தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டாலும் நாலைந்து ஆண்டு. அப்புறம் புது பேட்டரிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஒரே நேரத்தில் வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்திருக்கும், டெண்டர் எடுத்த நிறுவனத்தின் போன் எண்ணும் மாறியிருக்கும். பேனல் மட்டும் கூரைமேல் இன்னும் இருபது ஆண்டுக்குத் தயாராக உட்கார்ந்திருக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி விலை கூடுதல், ஆனால் எட்டுப் பத்து ஆண்டு தாங்கும். இலவசமாகக் கொடுக்கும் திட்டமாக இருந்தால் பேனல் வாட்டைக் குறைத்தாவது லித்தியத்தைக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

பங்களாதேஷ் இதை உலகிலேயே பெரிய அளவில் செய்து பார்த்தது. 2003இல் தொடங்கிய திட்டத்தில் 40 லட்சத்துக்கு மேல் வீட்டு சோலார். முன்பணம் கொஞ்சம், மீதி மூன்று ஆண்டுத் தவணை. கிராமீன் சக்தி போன்ற அமைப்புகள் வீட்டுக்கே வந்து தவணை வாங்கின, வந்த கையோடு பேட்டரியையும் பார்த்தன. அந்த வருகைதான் திட்டத்தின் உயிர் என்று நினைக்கிறேன். பிறகு அரசு லைனை வேகமாக நீட்டியது, இலவச சோலாரும் கொடுக்கத் தொடங்கியது. தவணை கட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். 2022இல் நாடு முழுக்க மின்சாரம் என்று அறிவிப்பும் வந்தது. திட்டம் தோற்றது என்று சிலர் எழுதினார்கள். பத்துப் பதினைந்து ஆண்டு கோடிக்கணக்கானவர்கள் மண்ணெண்ணெய்ப் புகையில்லாமல் இருந்ததை நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன். கடனைச் சுமந்த அமைப்புகளுக்கு அது தோல்விதான்.

பத்து வீடு, பன்னிரண்டு வீடு என்று பிரிந்து கிடக்கும் குடியிருப்புகளுக்கு வீட்டு சோலாரைத் தவிர வேறு வழியைப் பேசுவதே வீண். அறுபது வீட்டுக்கு அது இடைக்கால ஏற்பாடு.

ஊருக்கு ஒரு பொது நிலையம்

இருபது கிலோவாட் பேனல், ஒரு பேட்டரி அறை, இன்வெர்ட்டர், ஊருக்குள் கம்பம் நட்டு வீட்டுக்கு வீடு இணைப்பு. நாளுக்கு 65 யூனிட் சுமார் கிடைக்கும். அறுபது வீட்டுக்கு 38 யூனிட் போனால் மீதி மில்லுக்கும் மோட்டாருக்கும். அந்த இரண்டையும் பகல் வெயிலில் ஓட்டினால் பேட்டரி பாதி அளவு போதும். மிக்சியும் ஓடும், ஏனென்றால் அறுபது வீட்டு மிக்சியும் ஒரே நிமிடத்தில் ஓடாது. காகிதத்தில் இதைவிட அழகான தீர்வு இல்லை.

காகிதத்துக்கு வெளியே என்ன ஆனது என்பதற்குப் பீகார் ஜெகானாபாத் மாவட்டத்துத் தர்னை கிராமம் சாட்சி. 2014இல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு அங்கே 100 கிலோவாட் சோலார் நிலையம் வைத்தது. முப்பது ஆண்டாக இருளில் இருந்த ஊர். அப்போது முன்னாள் முதலமைச்சராக இருந்த நிதிஷ் குமார் வந்தபோது ஊர்க்காரர்கள் கேட்டது "அசல் கரண்ட்". அவர்கள் கண்ணில் சோலார் போலி. நன்றிகெட்டத்தனம் என்று வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். டி.வி., ஃபிரிட்ஜ் போடக்கூடாது என்ற கட்டுப்பாடு ஒரு பக்கம், யூனிட்டுக்கு அரசு லைனைவிட அதிக விலை இன்னொரு பக்கம். அந்த நிலையில் யார்தான் வேறு எதைக் கேட்பார்கள்? அரசு லைன் வந்தது. பேட்டரி ஓய்ந்தது. பிறகு அந்த வளாகம் மாட்டுக்கொட்டகையாகிப்போனதாகச் செய்தி வந்தது.

இலங்கையின் மலைநாட்டிலும் இதே கதை, வேறு இயந்திரத்தோடு. 1990களிலிருந்து ஓடைத் தண்ணீரில் ஓடும் சின்னச் சின்ன நீர்மின் நிலையங்களைக் கிராமத்தவர் சங்கம் அமைத்துத் தாங்களே கட்டி நடத்தினார்கள். உலக வங்கிக் கடனோடு நூற்றுக்கணக்கில் பெருகின. நன்றாகவே ஓடின. மின்சார சபையின் லைன் வந்ததும் பல நிலையங்கள் கைவிடப்பட்டன. ஓடை எங்கும் போகவில்லை, வாடிக்கையாளர்கள்தான் போய்விட்டார்கள்.

நம் குடியிருப்புக்கு அருகில் ஓடை இருந்தால் அதையும் அளந்து பார்க்கலாம். நொடிக்கு 20 லிட்டர் தண்ணீர், 30 மீட்டர் இறக்கம் இருந்தால் மூன்று கிலோவாட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். சின்னதாகத் தெரிகிறது, ஆனால் இரவும் பகலும் ஓடுவதால் நாளுக்கு 77 யூனிட், அந்த இருபது கிலோவாட் சோலாரைவிட அதிகம். மாசியில் ஓடை வற்றும் ஊரில் இதைத் தனியாக நம்ப முடியாது. மழைக்காலத்தில் சோலார் மங்கும்போது கைகொடுக்கும் துணையாக வைக்கலாம்.

லைன் வந்தால் பொது நிலையம் சாக வேண்டும் என்று விதி இல்லை. நேபாளத்தில் நுவாகோட் மாவட்டத்து ஸ்யாவ்ரேபூமியில் 23 கிலோவாட் கிராம நீர்மின் நிலையத்தை 2018 ஜனவரியில் தேசிய லைனோடு இணைத்தார்கள், ஊர் மின்சாரத்தை விற்கத் தொடங்கியது. உத்தரப் பிரதேசம் 2016இல் கொண்டுவந்த மினிகிரிட் (இப்படிப்பட்ட ஊர்ப் பொது நிலையம்) கொள்கையில், லைன் வந்தால் நிலையம் நடத்துபவர் மின்சாரத்தை மின்பகிர்மான நிறுவனத்துக்கு விற்கலாம், அல்லது மதிப்புப் போட்டுச் சொத்தை ஒப்படைக்கலாம் என்று எழுதி வைத்தார்கள். தர்னையில் இப்படி ஒரு வரி முன்பே எழுதப்பட்டிருந்தால் கதை மாறியிருக்கலாம்.

மானியத்தைச் சேர்த்தால்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பொது நிலையத்தில் பேட்டரி மாற்றவும் ஆள் சம்பளத்துக்கும் சேர்த்து யூனிட்டுக்குப் பதினைந்து ரூபாய் வாங்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மலையடிவாரத்தில் இருப்பவர் முதல் 100 யூனிட்டுக்கு ஒரு பைசா கட்டுவதில்லை. அவரைவிட ஏழையான மலைக்காரர் பதினைந்து ரூபாய் கட்ட வேண்டும். இந்த ஒப்பீட்டில் சோலார் ஜெயிக்கவே முடியாது, ஜெயிக்கச் சொல்வதும் அநியாயம்.

அடிவார வீட்டுக்கு அரசு கொடுப்பது என்ன? அந்த வீடு 100 யூனிட்டையும் முழுசாக ஓட்டுகிறது, யூனிட் ஐந்து ரூபாய் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 500, ஆண்டுக்கு 3,000 ரூபாய். அறுபது வீட்டுக்கு ஆண்டுக்கு 1,80,000. பத்தாண்டில் 18 லட்சம். அறுபது யூனிட் சேமிக்கும் லித்தியம் பேட்டரியை யூனிட்டுக்கு 15,000 ரூபாய் என்று போட்டாலும் 9 லட்சம். ஆக, இந்த வீடுகளுக்கு லைன் வழியாகப் போயிருக்க வேண்டிய பணத்தையே நிலையத்தின் கணக்கில் கட்டினால், பேட்டரியை ஒரு முறை மாற்றிவிட்டு, உள்ளூரில் ஒருவருக்கு மாதம் ஏழாயிரத்துச் சொச்சம் சம்பளமும் கொடுக்கலாம். வீட்டுக்காரர் கட்டுவது பூஜ்யம். மில்லிலிருந்து வரும் காசு உபரி. அரசுக்குப் புதுச் செலவு என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் லைன் போயிருந்தால் கொடுத்திருக்க வேண்டிய தொகைதான் இது.

அதனால் இந்த அறுபது வீட்டுக்கு என் வரிசை இப்படிப் போகும். முதலில் கேட்க வேண்டியது பொது நிலையம், ஆனால் 100 யூனிட்டுக்கு ஈடான தொகை ஆண்டுதோறும் நிலையத்தின் வங்கிக் கணக்குக்கு வரும் என்ற அரசாணையோடு. அந்த ஆணை எழுத்தில் கிடைக்காவிட்டால் பொது நிலையத்தை மறந்துவிட வேண்டும். யாராவது தொண்டு நிறுவனம் இலவசமாகக் கட்டித் தருகிறேன் என்று வந்தாலும்கூட. அப்போது புதைகேபிளைத்தான் கேட்க வேண்டும், பத்து ஆண்டு அலைந்தாலும். எது நடந்தாலும் இந்த ஆண்டே வீட்டு சோலாரை வாங்கிக்கொள்ள வேண்டும், அதை வாங்கிவிட்டதால் லைன் கோரிக்கை ரத்தாகாது என்று தீர்மானத்தில் தனி வரியாக எழுதிவிட வேண்டும். "அந்த ஊருக்குத்தான் சோலார் கொடுத்தாகிவிட்டதே" என்ற பதிலை மேசைக்கு மேசை கேட்க நேரிடும்.

டிரான்ஸ்பார்மர் 1,400 மீட்டருக்குள் இருந்தால் மேல்நிலை லைனே ஒரு ஹெக்டேருக்குள் அடங்கிவிடும். இவ்வளவு யோசிக்க வேண்டாம், லைனைக் கேளுங்கள்.

வயரிங் பற்றி ஒன்று. சோலார்தானே என்று மெல்லிய டி.சி. வயரைக் கூரையோடு கட்டிவிட்டுப் போவார்கள். விடக்கூடாது. பொது நிலையத்தின் கம்பமும் கம்பியும் மின்வாரியத்தின் அளவுப்படி 230 வோல்ட்டுக்கே இருக்கட்டும், வீட்டு வயரிங்கும் மீட்டர் பலகை, எர்த் கம்பியோடு அதே அளவில் இருக்கட்டும். செலவு சற்றுக் கூடும். பின்னால் லைன் வரும்போது ஊருக்குள் ஒரு கம்பத்தைக்கூடப் பிடுங்காமல் இணைக்க முடியும், நிலையத்தின் உபரியையும் அதே கம்பியில் கீழே அனுப்ப முடியும்.